பட்டியலில் பெயர் இருந்தால் மைதானம் நமக்கா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் நதிநீர் இணைப்பு, வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணைக் கொடுமை என்று எழுதுவதுதான் வழக்கம். இவன் ஏன் இங்கிலாந்துக் கால்பந்து மைதானத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் சப்ஸ்டிட்யூட் பெயர்கூட மனப்பாடம். எந்த ஆட்டக்காரரை எத்தனை கோடிக்கு வாங்கினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஆட்டம் நடக்கிற நிலம் யார் பேரில் இருக்கிறது, நாளைக்கே ஒருத்தர் அதை விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "அதெல்லாம் நமக்கெதுக்குடா?" என்பதுதான் பதில். இந்த "நமக்கெதுக்கு" என்ற வார்த்தையால்தான் உலகத்தில் பல மைதானங்கள் காணாமல் போயிருக்கின்றன.

இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. ஊர் மக்கள் ஒரு மைதானத்தைச் "சமூக மதிப்புள்ள சொத்து" என்று அரசுப் பட்டியலில் ஏற்றலாம். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது! ஆனால் அந்தப் பட்டியலில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம், ஏற்றிய பிறகு கையில் கிடைப்பது எவ்வளவு கொஞ்சம் என்று பார்த்தால், இனிப்பு பாதி கசப்பாகிவிடும். கசப்பாக இருந்தாலும் அந்த மருந்தைச் சாப்பிடத்தான் வேண்டும், சாப்பிட்டுவிட்டு நல்ல மருந்து கேட்டுச் சண்டையும் போட வேண்டும் என்பது என் கட்சி.

சட்டம் எதற்கு வந்தது?

கடற்கரை ஊரான பிரைட்டனை எடுத்துக்கொள்வோம். பிரைட்டன் அண்டு ஹோவ் ஆல்பியன் கிளப் 1902-லிருந்து கோல்ட்ஸ்டோன் கிரவுண்டில் ஆடி வந்தது. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கேலரியில் நின்று பார்த்த இடம். கடன் தொல்லை என்று சொல்லி கிளப் நிர்வாகம் மைதானத்தை விற்றது. ரசிகர்கள் கத்தினார்கள், ஊர்வலம் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1997 ஏப்ரல் 26 அன்று கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அங்கே எழுந்தது கடைகள் நிறைந்த வணிக வளாகம்!

அப்புறம் கிளப் எங்கே போய் ஆடியது? ஜில்லிங்ஹாம் என்ற ஊரில், சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி! சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்க இத்தனை தூரம் பஸ்ஸில் போக வேண்டிய நிலைமை. இரண்டு சீசன் அப்படி. பிறகு பிரைட்டனிலேயே ஒரு தடகள மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம். சொந்தமாகப் புது ஸ்டேடியம் கிடைத்தது 2011-ல்தான். பதினான்கு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும்.

இந்த மாதிரிக் கதைகள் கால்பந்தில் மட்டும் இல்லை. கிராமத்துக் கடைசிக் கடை, வாசகசாலை, ஊரார் கூடும் மதுக்கடை (அவர்கள் அதைப் 'பப்' என்பார்கள்) என்று பல இடங்கள் ஒரு கையெழுத்தில் கைமாறிப் போயின. விற்ற பிறகுதான் ஊருக்கே சேதி தெரியும். அதைத் தடுக்கத்தான் 2011-ல் 'லோக்கலிசம் ஆக்ட்' என்ற சட்டம் வந்தது. 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த அதன் ஒரு பகுதிதான் இந்தச் சமூகச் சொத்துப் பட்டியல்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது?

விஷயம் இதுதான். ஊரைச் சேர்ந்த ஓர் அமைப்பு, "இந்த இடம் எங்கள் ஊரின் சமூக வாழ்க்கைக்கு உதவுகிறது, இதைப் பட்டியலில் சேருங்கள்" என்று உள்ளூர் கவுன்சிலுக்கு மனுப் போட வேண்டும். கவுன்சில் 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் 5 வருஷத்துக்கு அந்த இடம் பட்டியலில் இருக்கும்.

அந்த 5 வருஷத்துக்குள் ஓனர் விற்க நினைத்தால், அல்லது 25 வருஷமோ அதற்கு மேலோ குத்தகைக்கு விட நினைத்தால், முதலில் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். உடனே 6 வாரம் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் ஏதாவது ஒரு சமூக அமைப்பு "நாங்கள் வாங்க முயற்சி செய்கிறோம்" என்று கை தூக்கினால், 6 வாரம் 6 மாதமாக நீளும். அந்த 6 மாதத்தில் ஓனர் வெளியாளுக்கு விற்க முடியாது. சமூக அமைப்பு பணம் திரட்டலாம், விலை பேசலாம்.

சரி, 6 மாதம் முடிந்ததும்? இங்கேதான் கவனமாகப் படிக்கவும்! ஓனர் தன் இஷ்டப்படி யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஊர் மக்கள் கேட்ட விலையைக் கொடுத்தாலும் "உனக்குத் தர மாட்டேன்" என்று சொல்லலாம். அவர் கவுன்சிலுக்குத் தெரிவித்த நாளிலிருந்து 18 மாதம் முடியும் வரை மறுபடி யாரும் அவரைத் தடுக்கவும் முடியாது.

ஆக, சட்டம் ஊருக்குக் கொடுப்பது இரண்டே இரண்டு. ஒன்று, தகவல். இன்னொன்று, கொஞ்சம் நேரம். மைதானத்தைக் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் அழைப்பு மணி மாட்டியிருக்கிறார்கள், கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. திருடன் வந்தால் மணி அடிக்கும். நாம் எழுந்து ஓடி வர வேண்டும்.

மனுப் போடுவது அவ்வளவு லேசா?

மணி மாட்டுவதே லேசான காரியம் இல்லை என்பது அடுத்த சங்கதி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் முள், மனுப் போடுவது யார்? தனி ஆள் போட முடியாது. பாரிஷ் கவுன்சில் போடலாம், தர்ம ஸ்தாபனம் போடலாம், லாப நோக்கமில்லாத கம்பெனி போடலாம். பதிவு செய்யாத சாதாரணச் சங்கம் என்றால், அந்தப் பகுதியிலோ பக்கத்துக் கவுன்சில் பகுதியிலோ ஓட்டுரிமை உள்ள 21 பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். கால்பந்து ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஓல்டு டிராஃபோர்டுக்காக உயிரையே விடுவேன் என்பவர்கள் நம் ஹாஸ்டலிலேயே நாலு பேர் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்கள் பூஜ்யம்! பக்கத்துத் தெருவில் ஓட்டு இருக்கிற 21 பேர்தான் கணக்கு. என்னைக் கேட்டால் அது நியாயம்தான். கைதட்டுவது யார் வேண்டுமானாலும் செய்யலாம், மைதானம் போனால் இழப்பு பக்கத்துத் தெருவுக்கு.

இதிலேயே இன்னொரு சூட்சுமம். பதிவு செய்யாத சங்கம் மனுப் போடலாம். ஆனால் விற்பனை அறிவிப்பு வந்து, "நாங்கள் வாங்கப் பார்க்கிறோம், 6 மாதம் கொடுங்கள்" என்று கேட்க அதற்கு உரிமை கிடையாது. அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும். மணி மாட்டிவிட்டு, மணி அடிக்கும்போது "அய்யோ, நமக்கு அதிகாரம் இல்லையாமே" என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? 6 வாரத்துக்குள் ஓடிப் போய்ப் பதிவு செய்ய வேண்டியதுதான். முன்யோசனை உள்ள ரசிகர்கள் அறக்கட்டளையை முதலிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது முள், எல்லை. மனுவில் இடத்தின் எல்லையைக் குறிக்க வேண்டும். சிவில் படிக்கும் தோழர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ளவும். ஸ்டேடியம் என்றால் புல்தரையும் கேலரியும் மட்டுமா? வண்டி நிறுத்துமிடம், டிக்கெட் ஆபீஸ், கேலரிக்கு அடியில் வாடகைக்கு விட்ட கடை, ஓட்டல், பயிற்சி மைதானம்... எதெல்லாம் சேரும்? அதிகமாகக் கோடு போட்டால் "இதெல்லாம் வியாபார நிலம்" என்று ஓனர் வக்கீலை அனுப்புவார். குறைவாகக் கோடு போட்டால், மைதானம் தப்பித்து வண்டி நிறுத்துமிடம் போய்விடும். வண்டி நிறுத்த இடமும் வருகிற வழியும் இல்லாத ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கோடு தப்பானால் எல்லாம் தப்பு.

மூன்றாவது முள், "சமூகப் பயன்" என்பதை நிரூபிப்பது. விளையாட்டு ஆர்வம், பொழுதுபோக்கு, கலாசாரம் ஆகியவற்றைச் சமூக நலன் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. ஆனால் அது அந்த இடத்தின் முக்கியமான பயனாக இருக்க வேண்டும், பக்கவாட்டுப் பயனாக இருக்கக்கூடாது. இனிமேலும் அந்தப் பயன் தொடரும் என்று நம்ப நியாயமான காரணமும் வேண்டும். ஓனர் தரப்பு வாதம் சுலபமானது: "இது டிக்கெட் விற்கிற வியாபாரம். வருஷத்தில் 25 நாளோ 30 நாளோதான் ஆட்டம். மீதி நாள் கேட் பூட்டிக் கிடக்கிறது. இதில் சமூகம் எங்கே வந்தது?" கேட்டால் ஒரு நிமிஷம் நமக்கே சரியென்று படும்.

கோயில் தேர் வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? மற்ற நாளெல்லாம் கொட்டகையில்தான் நிற்கிறது. அதனால் அது ஊருக்குச் சொந்தமில்லை என்று யாராவது சொல்வார்களா? எத்தனை நாள் திறந்திருக்கிறது என்று எண்ணினால் மைதானத்தின் மதிப்பு தெரியாது. அந்த நாளில் யார் யார் ஒன்றாகக் கூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நல்லவேளையாகச் சட்டத்தில் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். இப்போது பூட்டிக் கிடந்தாலும், சமீப காலம் வரை அங்கே ஆட்டம் நடந்து, அடுத்த 5 வருஷத்துக்குள் மறுபடி சமூகப் பயனுக்கு வரும் என்று நம்ப இடமிருந்தால் பட்டியலில் ஏற்றலாம்.

நான்காவது முள்தான் எனக்கு ஆத்திரத்தைக் கொடுப்பது. பட்டியலில் ஏற்றினால் ஓனர் கவுன்சிலிடமே மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் தோற்றால் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம். பட்டியலால் நஷ்டம் வந்தது என்று கவுன்சிலிடம் நஷ்ட ஈடும் கேட்கலாம். சரி, மனுவை நிராகரித்தால் ஊர் மக்கள் எங்கே போவது? அவர்களுக்கு அந்த மாதிரி மேல்முறையீடு கிடையாது! உயர் நீதிமன்றம் போகலாம், அதற்குக் கையில் காசு வேண்டும். ஒரு பக்கத்துக் கோல் போஸ்ட் அகலம், இன்னொரு பக்கத்துக் கோல் போஸ்ட் ஒடுக்கம். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே ஸ்கோர் தெரிந்துவிடுகிறது.

ஆக்ஸ்ஃபோர்டும் டல்விச்சும்

இத்தனை முள்ளையும் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் கிளப்பின் கதையைப் பாருங்கள். 2001-ல் அவர்களுக்குப் புது ஸ்டேடியம் வந்தது. மூன்று பக்கம் மட்டுமே கேலரி கட்டினார்கள், நாலாவது பக்கம் திறந்தபடி விட்டார்கள். 2006-ல் அன்றைய ஓனர் கிளப்பை விற்றார். ஆனால் ஸ்டேடியத்தைத் தன் கம்பெனியிடமே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கிளப் வாடகைக் குடித்தனம்.

2013-ல் ரசிகர்களின் அமைப்பான 'ஆக்ஸ்வாக்ஸ்' மனுப் போட, ஆக்ஸ்ஃபோர்டு கவுன்சில் அந்த ஸ்டேடியத்தைப் பட்டியலில் ஏற்றியது. ஓனர் கம்பெனி சும்மா விடுமா? மேல்முறையீடு போயிற்று. தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. காசு கொடுத்துப் பார்க்கிற தொழில்முறைக் கால்பந்து நடக்கும் இடமும் ஊரின் சமூகச் சொத்துதான் என்பது நிலைநின்றது. சபாஷ்! ஆனால் அதற்குப் பிறகும் ஸ்டேடியத்தின் சாவி அதே ஓனரிடம்தான். அவர் விற்க நினைத்தால்தானே மணி அடிக்கும்? விற்காமல் வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால் பட்டியல் வாய் திறக்காது.

தெற்கு லண்டனில் டல்விச் ஹாம்லெட் என்று ஒரு சின்ன கிளப். 1893-ல் தொடங்கியது. அவர்களுடைய சாம்பியன் ஹில் மைதானமும் 2013-ல் பட்டியலில் ஏறியது. மைதானத்தை வைத்திருந்தது வீடு கட்டி விற்கும் நிறுவனம். 2018 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? கிளப்பை மைதானத்திலிருந்து வெளியேற்றினார்கள்! பட்டியலில் பெயர் இருந்தும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார்கள். ஏனென்றால் இது விற்பனை இல்லை, அனுமதியை ரத்து செய்தது மட்டுமே. பட்டியலுக்கு அதில் வேலை இல்லை. கிளப் வேறு கிளப்பின் மைதானத்தில் ஒண்டிக்கொண்டு, ஊர் முழுக்கத் திரண்டு குரல் கொடுத்து, அதே வருஷம் டிசம்பரில்தான் திரும்பி வந்தது. திருப்பிக் கொண்டுவந்தது பட்டியல் இல்லை, மக்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மைதானத்தை விற்காமல், மைதானத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை விற்றால்? நிலம் அதே கம்பெனி பேரில்தான் இருக்கும். சட்டப்படி அது நில விற்பனை ஆகாது. மணி அடிக்காது! இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பரி என்ற ஊரின் கிளப்பைப் பாருங்கள். 1885-லிருந்து கிக் லேன் மைதானத்தில் ஆடிய கிளப் அது. கடனில் மூழ்கிக் கிடந்த அந்தக் கிளப் 2018 டிசம்பரில் வெறும் 1 பவுண்டுக்குக் கைமாறியது. ஆமாம், ஒரே ஒரு பவுண்டு! 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே கிளப்பை நீக்கிவிட்டார்கள். ஸ்டேடியம் பூட்டிக் கிடந்து களை முளைத்தது. 2022-ல் ரசிகர்கள், கொடையாளர்கள் பணத்தோடு அரசாங்கத்தின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டும் சேர்த்துத்தான் கிக் லேனை மீட்டார்கள்.

பணம் எங்கே?

கடைசி முள்ளும் பெரிய முள்ளும் பணம். லண்டனில் 'ஐவி ஹவுஸ்' என்ற பப்தான் இந்தப் பட்டியலில் ஏறி முதன்முதலில் ஊர் மக்கள் கைக்கு வந்த இடம். 2013-ல் வாங்கினார்கள். அதற்கே சுமார் 8 லட்சம் பவுண்டு ஆயிற்று. ஒரு பப்புக்கே இந்த விலை என்றால் ஸ்டேடியத்துக்கு?

ஓல்டு டிராஃபோர்டு ஸ்டேடியமும் 2013-ல் ரசிகர் அறக்கட்டளையின் மனுவால் பட்டியலில் ஏறியது. சுமார் 74 ஆயிரம் பேர் உட்காரும் இடம். அதை வாங்க 6 மாதத்தில் உண்டியல் குலுக்கி முடியுமா? அந்தப் பட்டியலேற்றம் மரியாதைக்கு நல்லது, வாங்குவதற்கு உதவாது. சின்ன கிளப் என்றால் கதை வேறு. போர்ட்ஸ்மவுத் கிளப் திவாலானபோது 2013-ல் ரசிகர் அறக்கட்டளையே கிளப்பையும் ஃப்ராட்டன் பார்க் மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. மைதானத்துக்கு மட்டும் சுமார் 30 லட்சம் பவுண்டு. ஆயிரம் பவுண்டு பங்கு என்று வைத்து, ஆயிரக்கணக்கான சாதாரண ரசிகர்கள் சேர்ந்தார்கள். அந்த வேலை 6 மாதத்தில் முளைத்ததா? இல்லை. அறக்கட்டளை அதற்கு முன்பே பல வருஷமாக இருந்தது. ஆள் இருந்தது, கணக்கு இருந்தது, நம்பிக்கை இருந்தது.

"அப்படியானால் பட்டியலே வேண்டாமே?"

இத்தனையும் படித்துவிட்டு "பேசாம விட்டுடலாமேப்பா, இந்தப் பட்டியலால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பட்டியல் மைதானத்தைக் காப்பாற்றாது. ஆனால் மனுப் போடுவதற்காக ஊர் செய்கிற வேலை இருக்கிறதே, அது காப்பாற்றும். மனு எழுத வேண்டுமென்றால் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பதிவாளர் ஆபீசில் தேட வேண்டும். எல்லை வரைபடம் வேண்டும். 21 பேராவது ஒன்றாக உட்கார வேண்டும். தலைவர், பொருளாளர் வேண்டும். எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஆடுகிறார்கள், எத்தனை பெரியவர்கள் நடக்கிறார்கள் என்று கணக்கு எடுக்க வேண்டும். இது எல்லாம் முடிந்தபோது அங்கே ஒரு கூட்டம் போய், ஓர் அமைப்பு வந்திருக்கும். கோல்ட்ஸ்டோன் விற்கப்பட்டபோது பிரைட்டன் ரசிகர்களிடம் கோபத்துக்குக் குறைவில்லை. முன்கூட்டியே அறிவிப்பு இல்லை, நேரம் இல்லை. அந்த இரண்டையும் இன்றைய சட்டம் கொஞ்சமாவது கொடுக்கிறது. கொடுப்பதை எதற்கு வேண்டாம் என்பது?

சட்டம் இல்லாமலே சாதித்த ஊரும் உண்டு. சார்ல்டன் கிளப் 1985-ல் தன் 'வேலி' மைதானத்தை விட்டு வெளியேறியது. திரும்பி வரக் கவுன்சில் அனுமதி மறுத்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 1990 கவுன்சில் தேர்தலில் 'வேலி பார்ட்டி' என்று தனிக் கட்சியே ஆரம்பித்து நின்றார்கள்! 14,838 ஓட்டு வாங்கினார்கள். மைதானத்துக்காக ஓட்டுக் கேட்ட கட்சி! கவுன்சில் மனம் மாறியது. 1992 டிசம்பரில் கிளப் வேலிக்குத் திரும்பியது. பட்டியல் என்ற வார்த்தையே அன்று கிடையாது. அமைப்பு இருந்தது.

அடுத்த கேள்வி: "சார், அது ஓனர் சொத்து. காசு போட்டு வாங்கியவன் விற்கக்கூடாதா?" இதில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. யாருடைய சொத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் மைதானத்தின் விலையை ஏற்றியது யார்? சிமெண்ட்டும் செங்கல்லுமா? மழையிலும் குளிரிலும் தலைமுறை தலைமுறையாக டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தான் அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். விற்கும்போது நியாயமான விலைக்கு முதல் வாய்ப்பு அவர்களுக்கு என்றால் ஓனருக்கு என்ன நஷ்டம்? பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி, நிலத்தில் தங்கள் ஆர்வத்தைப் பதிவு செய்த ஊர் அமைப்புக்கு, விற்பனைக்கு வரும்போது வாங்கும் முதல் உரிமை உண்டு. முதலில் கிராமங்களுக்கு இருந்தது, 2016-லிருந்து நகரங்களுக்கும் வந்தது. அங்கே வானம் இடிந்து விழவில்லையே!

இங்கிலாந்தும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. 2025 ஜூலையில் பார்லிமெண்டில் வந்த ஒரு மசோதா, பட்டியல் இடங்களை வாங்கும் முதல் உரிமையைச் சமூக அமைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும், 6 மாதம் 12 மாதமாக வேண்டும், விலையில் ஒத்துப் போகாவிட்டால் நடுநிலை மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும், விளையாட்டு மைதானங்கள் தாமாகவே பட்டியலில் ஏற வேண்டும் என்றெல்லாம் முன்வைத்தது. பதினான்கு வருஷமாக ரசிகர்கள் கேட்டது இதைத்தான். அதே மாதம் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், மேல் மட்டத்து கிளப்புகள் ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியில்லாமல் சொந்த மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அந்தக் கடமை கிளப்பின் தலையில். மைதானம் கிளப் பேரில் இல்லாமல் வேறொரு நிலக்காரர் பேரில் இருந்தால், ஆக்ஸ்ஃபோர்டு கதை மறுபடியும் ஆரம்பம்.

என் கோரிக்கைகள்

இந்தச் சட்டத்தைத் திருத்தும் வேலையை என்னிடம் கொடுத்தால் நாலு திருத்தம் எழுதுவேன். ஒன்று, நடுநிலை விலைக்கு ஊருக்கு முதல் உரிமை. இரண்டு, பங்கு விற்பனைக்கும் மணி அடிக்க வேண்டும். மைதானத்தை வைத்திருக்கும் கம்பெனி கைமாறினால் அதுவும் மைதானம் கைமாறுவதுதான். மூன்று, ஓனருக்கு மேல்முறையீடு உண்டென்றால் ஊருக்கும் உண்டு. நான்கு, 5 வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி முதலிலிருந்து மனுப் போடும் தொல்லையை எடுத்துவிட வேண்டும். முதல் மனுவை எழுதிய உற்சாகி வேலை கிடைத்து வேறு ஊர் போயிருப்பார், பட்டியல் காலாவதியான சேதி யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் விற்பனை வரும்!

இதெல்லாம் வரும் வரை ரசிகர்கள் கை கட்டி உட்கார வேண்டாம். கிளப் நன்றாக ஓடும்போதே, கோப்பை ஜெயித்துக் கூத்தாடும்போதே, அந்த வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டில் கூரை ஒழுகுவதை மழை நாளில் சரி செய்ய முடியாது, வெயில் நாளில்தான் ஏறிப் பார்க்க வேண்டும். 6 மாதம் என்பது பணம் திரட்டத் தொடங்கும் காலம் இல்லை. பல வருஷம் தயாரானவர்கள் கடைசிக் கையெழுத்துப் போடும் காலம்.

தோழர்களே! நாளைக்கு நம்மில் பலர் வரைபடம் போடுவோம், அளவெடுப்போம், கட்டடம் எழுப்புவோம். கோடு போடுகிற கை நம்முடையது. ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் மைதானம், அந்தப் பக்கம் கடை வளாகம் என்று ஆகிவிடும் என்பதை அந்தக் கைக்கு ஞாபகப்படுத்தத்தான் இவ்வளவும் எழுதினேன். அடுத்த முறை டி.வி.யில் ஆட்டம் பார்க்கும்போது, கோல் அடித்தவன் பெயரைக் கத்துங்கள், தப்பில்லை. ஆட்டம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இந்தப் புல்தரை யார் பேரில் இருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்கிற 21 பேர் இருக்கிற ஊரில் மைதானத்தை விற்பது அவ்வளவு சுலபம் இல்லை!